ஒரு கம்பி குறைந்த குடை

"...உயிரோட இருக்கான்னும் நான் சொல்லலை சார், போயிட்டான்னும் சொல்லலை. தெரியலைன்னுதான் சொல்றேன். 'தெரியலை'ங்கறது ஒரு ஊர் இல்லையே, ஒருத்தியைக் கொண்டுபோய் அங்கேயே விட்டுட்டு நாம மட்டும் திரும்பி வரதுக்கு!"

டாக்டரம்மா இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு குடைக் கம்பி இருந்தது. கம்பியில் கொஞ்சம் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒரு வைத்தியம் பிழைக்கும். போடாவிட்டால் அன்றோடு சரி.

போட்டாரா என்று கேட்காதீர்கள். அது கடைசியில்தான் வரும். டாக்டரம்மா இருந்திருந்தால் என்னை இவ்வளவு நேரம் இழுக்க விட்டிருக்க மாட்டார். யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "அப்புறம்?" என்று கேட்டு உயிரை எடுப்பார். அவரைப் பற்றி ஒரே சொல்லில் சொல்லு என்றால் நான் அந்தச் சொல்லைத்தான் சொல்வேன். அப்புறம்? அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயர் எதிலாவது வந்தால் அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'நாங்கள்' என்று எழுதுகிறவர் அவர்.

மயிலாப்பூர்க்காரர். குளத்தருகே ஒருநாள் சுண்டல் வாங்கியிருக்கிறார். மடித்துக் கொடுத்த காகிதத்தில் ஒரு செய்தி. விழுப்புரத்தில் யாரோ ஒருத்தன் திருடப் போன வீட்டில் தூங்கிவிட்டானாம். அதோடு காகிதம் கிழிந்திருக்கிறது. டாக்டரம்மா சுண்டலைக் கையில் கொட்டிக்கொண்டு திரும்பிப் போய், "ஏம்ப்பா, இதோட மீதிப் பாதி யாருக்குக் கொடுத்தே?" என்று கேட்டிருக்கிறார். சுண்டல்காரர் அசரவில்லை. "ஏம்மா, சுண்டல்ல உப்பு கம்மின்னு கேக்கறவங்கள பாத்துக்கீறேன். நியூஸ் கம்மின்னு கேக்கறது நீதாம்மா" என்றாராம். மறுநாள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "தூங்கினவன் என்ன ஆனான்னு மட்டும் தெரிஞ்சா போறும் அண்ணாச்சி" என்றார். முகத்தில் உண்மையாகவே வருத்தம்.

இன்னொரு நாள் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். வியர்த்து வழிய நடந்து வந்தார். பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு அம்மாக்கள். ஒருத்தரின் மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்தகம் போன கதை. மகன் கூப்பிடப் போயிருக்கிறான், மருமகள் கதவைத் திறந்திருக்கிறாள், திறந்து... அதற்குள் மந்தைவெளி வந்துவிட்டது. அவர்கள் இறங்கிவிட்டார்கள். டாக்டரம்மாவும் இறங்கிவிட்டார்.

"எதுக்கும்மா இறங்குனீக? உங்க ஸ்டாப் இல்லையே?"

"திறந்து என்ன பண்ணாள்னு தெரிய வேண்டாமா?"

"என்ன பண்ணாளாம்?"

"காபி கொடுத்தாளாம். சமாதானம்தான்." நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். "ஆனா பாருங்கோ, அந்த மாமி கதையை நிறுத்தின இடத்துல நானா ஒண்ணு நெனைச்சுண்டேன், கதவை மூஞ்சில சாத்தியிருப்பாள்னு. நின்னு போன இடத்துலேந்து மனசு எப்பவும் கெட்டதாத்தான் முடிக்கறது."

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் படிப்பெல்லாம் இப்படிப் பிறர் வாயிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கியதுதான். இந்த வாக்கியத்தை அன்றைக்கே ரெஜிஸ்டரின் பின் அட்டையில் குறித்து வைத்தேன்.

அவரை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை. தி.நகரில் எங்கள் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கடையில் நின்றுகொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம் நீலச் சுங்குடி கட்டிய ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் குடை.

"மூணு வருஷம் முன்னாடி இந்தப் புடவையை இங்கதான் வாங்கினேன். சாயம் போகாதுன்னு சொன்னேள்."

பெரியப்பா என் காதருகே வந்து, "வந்துட்டாடே. மெதுவா பேசி அனுப்பு" என்றார்.

"போயிடுச்சாம்மா?" என்றேன்.

"போகலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"வேற என்னம்மா வேணும்?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணும் வேண்டாம். சாயம் போனவா வருவா, சண்டை போடுவா. போகாதவா வரவே மாட்டா. அப்போ உங்க கடையில இருக்கறதெல்லாம் சாயம் போற புடவைன்னுதானே உங்களுக்கே தோணிண்டிருக்கும்? பாவமா இருந்தது."

எந்த மில் சரக்குக்கு எத்தனை புகார் வந்தது என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். பெருமையாக எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "நன்னா இருக்கு அண்ணாச்சி. அப்புறம்? புகார் வராததை எங்க எழுதறேள்?" என்றார். இரண்டு மாதத்தில் நான் அவருடைய ரெக்கார்டு அறையில் இருந்தேன். கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

அடையாறு போகிற வழியில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடு. புற்றுநோய்க்கு வருகிறவர்கள்தான் அதிகம், அதிலும் பெண்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்று. கதிர் வைத்தியத்தை வருகிறவர்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

டாக்டரம்மா காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். மத்தியானம் ரெக்கார்டு அறைக்கு வந்துவிடுவார். "அங்க பார்க்கறது ஒரு அம்மாவை. இங்க பார்த்தாத்தான் எல்லா அம்மாவையும் சேர்த்துப் பார்க்க முடியும்" என்பார். கம்ப்யூட்டர் என்பது எங்கோ ஒரு காலேஜில் ஏசி அறைக்குள் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்ட காலம். எங்களுக்கு இருந்தது அட்டையும் குடைக் கம்பியும்தான்.

அது எப்படி என்றால், ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை. அட்டையின் நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஓர் அர்த்தம். இந்தத் துளை ஆறு வார வைத்தியம், அது மூன்று வாரம், இது உயிரோடு இருக்கிறார், அது இறந்துவிட்டார். பொருந்துகிற துளையை மட்டும் ஓரம் வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். வெட்டுவதற்கு, ரயில்வேயில் இருந்த தன் சித்தப்பாவின் டிக்கெட் கட்டரை டாக்டரம்மா வாங்கி வந்திருந்தார். அட்டைகளை ஒரு கட்டாக நிறுத்தி, வேண்டிய துளையில் கம்பியை விட்டுத் தூக்கினால், வெட்டுப்பட்ட அட்டைகள் மட்டும் கீழே உதிரும். மற்றவை கம்பியில் தொங்கும். ஒரு வாரம் ரெஜிஸ்டரைப் புரட்டித் தேட வேண்டியதைக் காபி ஆறுவதற்குள் தேடிவிடலாம். "விழறவாதான் நமக்குப் பதில், தொங்கறவா நமக்குக் கேள்வி" என்பார்.

இதற்கென்று சீமையில் தனிக் கம்பி விற்கிறதாம். டாக்டரம்மா தன் குடையிலிருந்து ஒன்றை உருவிவிட்டார். அதிலிருந்து அவர் குடை ஒரு பக்கம் காது தொங்கிய நாய் மாதிரி இருக்கும். மழையில் அவர் இடது தோள் எப்போதும் நனைந்திருக்கும். புதுக் குடை வாங்கலாமே என்றால், "வாங்கினா அதுலேந்தும் ஒண்ணை உருவுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்பார்.

இனி அந்தக் கையெழுத்து விஷயம்.

கரண்ட் வைக்க ஆறு வாரம் ஆகும். கிராமத்திலிருந்து வந்த பெண்கள் ஆறு வாரம் தங்க மாட்டார்கள். மூன்றாவது வாரம் புருஷன் வந்து வராந்தாவில் நிற்பான். மாடு பட்டினி, பிள்ளைகள் பட்டினி, நாற்று நட ஆள் இல்லை. "பாதி வைத்தியம் பண்ணிண்டு போறது பாதி சமைச்ச சோறு இல்லை, மீதியை ஆத்துல போய் வேக வெச்சுக்கறதுக்கு" என்று டாக்டரம்மா சத்தம் போடுவார். கேட்பார்களா? அதனால் அவரும் பெரிய டாக்டரும் சேர்ந்து, மூன்று வாரத்தில் முடிகிற மாதிரி ஒரு முறையைப் பரீட்சை பண்ண ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு வாரம், பாதிப் பேருக்கு மூன்று. பிறகு யார் எப்படி இருக்கிறார்கள் என்று, பதில் எழுதும் பாதியும் சேர்ந்த தபால் அட்டை போட்டுக் கேட்க வேண்டும். அதுதான் என் வேலை.

ஆறு வாரக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்த சாதா தபால் அட்டை. மூன்று வாரக்காரர்களுக்குத் தனியாக அச்சடிக்கச் சொன்னார். பதில் வந்து குவிகிறபோது சட்டென்று பிரித்து எடுக்க ஏதாவது அடையாளம் இருந்தால் நல்லது என்றார். நான் அச்சாபீசுக்குப் போனேன். "தடியா ஒரு கறுப்புக் கரை பிளாக் சும்மாதான் கிடக்கு, நாலு பக்கமும் போட்டுத் தரட்டுமா? பார்க்க எடுப்பா இருக்கும்" என்றார் அச்சாபீஸ்காரர். போடச் சொன்னேன். எடுப்பாகத்தான் இருந்தது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, "நன்னா கண்ணுல படறது" என்றார்.

ஒரு வருஷம் போயிற்று. ஆறு வாரக்காரர்களிடமிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. நாகர்கோவிலிலிருந்து ஒருத்தர் பேத்தி பெயரெல்லாம் எழுதியிருந்தார். மூன்று வாரக்காரர்களிடமிருந்து ஏதோ ஒன்றிரண்டு. மறுபடி போட்டோம். மூன்றாம் முறையும் போட்டோம். கம்பியைத் தூக்கினால் ஒரு கட்டு பொலபொலவென்று உதிரும். இன்னொரு கட்டு அப்படியே தொங்கும்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதில் இல்லைன்னா என்ன அர்த்தம் டாக்டர்? போயிட்டாங்கன்னு அர்த்தம். நல்ல நோக்கத்தோடதான் ஆரம்பிச்சோம். அதுக்காக ஜனங்களைக் கொல்ல முடியாது. மூணு வாரத்தை நிறுத்திடலாம்."

"எங்காத்துக் கல்யாணத்துக்குக்கூடத்தான் பாதிப் பேர் வரலை. எல்லாருக்கும் திவசம் பண்ணிடலாமா சார்?"

"பேச்சு சாமர்த்தியம் வேண்டாம். அடுத்த மீட்டிங் வரைக்கும் டைம். அதுக்குள்ள அறிக்கையில இருக்கற கட்டத்தையெல்லாம் நிரப்பிக் கொண்டாங்க. இல்லேன்னா ஆறு வாரம்தான்."

ஆறு வாரம்தான் என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மூன்றாம் வாரம் வராந்தாவில் புருஷன் வந்து நிற்பான்.

அந்த நாட்களில்தான் டாக்டரம்மா "அப்புறம்?" கேட்பதை நிறுத்தினார். அறையில் யார் பேசினாலும் காதில் விழாத மாதிரி தொங்குகிற கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் மேலாக இருந்த அட்டையை எடுத்தேன். கன்னியம்மா, ஊரூர் குப்பம். அடையாற்றிலிருந்து நடந்து போகிற தூரம். எங்கள் ஆஸ்பத்திரி ஆயா அந்தப் பெண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். பார்த்த மாதிரி இருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்றுதானே? கட்டரை எடுத்து 'உயிரோடு' துளையில் வைத்தேன்.

"ஆயா பார்த்தாளா, பார்த்த மாதிரியா?"

டாக்டரம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மாதிரிதாம்மா."

"ஆசைக்கு வெட்டாதீங்கோ அண்ணாச்சி. எனக்கும் ஆசைதான். ஆனா வெட்டினதை ஒட்ட முடியாது." கட்டரை வாங்கி மேஜையில் வைத்தார். அப்புறம் குடையை எடுத்தார். "வாங்கோ. போய்ப் பார்த்துடலாம். இருந்தா இருக்கா. இல்லேன்னா அதையும் வெட்டணும்."

மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால், சாமியை வேண்டிக்கொண்டு. வலை உலர்த்தியிருந்த இடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா பெயரைச் சொல்லிக் கேட்டார். நடுவில் உட்கார்ந்திருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வாம்மா டாக்டரம்மா! வா! உன்னத்தான் தேடிக்கினு கீறேன். மூணு வாட்டி! மூணு வாட்டி என் ஊட்டுக்கு சாவுக் காயிதம் அனுப்பிச்சிக்கீறே! நா இன்னாம்மா உனுக்குத் துரோகம் பண்ணேன்?"

"சாவுக் காயிதமா?"

"பின்ன இன்னா? நாலு பக்கமும் கறுப்பு! எவன் பூட்டான்னு படிக்க எங்களுக்குப் படிப்பா கீது? கறுப்பப் பாத்ததும் எங்க மாமியா புடுங்கி, சுக்குநூறா கிழிச்சி, கடல்ல உட்டுச்சி. மூணு வாட்டியும் குடும்பத்தோட தல முயுகினோம். ஒரு வாட்டி ஐப்பசி மயையில! புள்ளைக்கு ஜொரமே வந்துடுச்சி. நா குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறேன், என் ஊட்டுக்கே எனுக்குக் கருமாதி ஓலை அனுப்பிக்கினு கீறியே, நாயமா?"

என் காலடி மணல் அப்படியே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கறுப்புக் கரை. சாவுச் செய்தி கறுப்புக் கரையோடு வரும். வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். தென்காசியிலும் அப்படித்தான், மயிலாப்பூரிலும் அப்படித்தான். அச்சாபீசில் அந்த பிளாக் எதற்குச் சும்மா கிடந்தது என்று நான் கேட்கவே இல்லை. ஒற்றை அட்டையாகக் கையில் வாங்குகிறவருக்கு அது சாவு ஓலை. கட்டுக் கட்டாகப் பார்க்கிறவனுக்கு அது வெறும் ஸ்டேஷனரி. நாற்று நட ஊர் திரும்பிய அத்தனை பெண்களின் வீட்டுக்கும் நான் மூன்று முறை சாவு அனுப்பியிருக்கிறேன். அதைக் கிழித்துப் போட்டவர்களையெல்லாம் செத்தவர்கள் கட்டத்தில் எழுத ஓர் ஆஸ்பத்திரியே தயாராக இருந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். பல நாளுக்கப்புறம் அந்தச் சொல் வந்தது.

"அப்புறம்?"

"அப்பால இன்னா அப்பால? தல முயுகிட்டு மீனு விக்கப் போனேன்."

"கூடையைத் தலையில வெச்சுண்டா?"

"இல்ல, கார்ல! இன்னாம்மா கேள்வி இது? கூடையத் தூக்கிக்கினுதான்."

"எவ்வளவு தூரம் நடப்பே? நடுவுல உட்காருவியா? மூச்சு வாங்கறதா?"

நான் அப்போதுதான் கவனித்தேன். கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே டாக்டரம்மா பரிசோதனை பண்ணிக்கொண்டிருந்தார். சாப்பாடு, தூக்கம், உதிரப்போக்கு, கால் வீக்கம், ஒன்று விடாமல்.

"அடையாறு சுத்திட்டு, அப்பால பாலம் தாண்டி உங்க ஆஸ்பத்திரி கேட்டாண்டதான் வந்து குந்துவேன். உங்க நர்ஸம்மாங்க, ஆயா, அல்லாரும் என்னாண்டதான் வாங்குறாங்கோ. நீயும் டெய்லி என்னத் தாண்டிக்கினுதான் போறே. ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்துக்கீறியா?"

"மீன் கூடைன்னா நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேனேடி!" என்றார் டாக்டரம்மா.

குப்பமே சிரித்தது. கன்னியம்மாவும் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்ததனாலா என்று நான் கேட்கவில்லை. "அது சரி, கேட் வரைக்கும் வந்தவ உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப்படாதா?"

"நல்லாக்கீறப்போ எவம்மா ஆஸ்பத்திரிக்கு வருவா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நீலச் சுங்குடி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

திரும்பி வருகிற வழியில், பாலத்தருகே அவரே பேசினார். "எங்காத்துல கறுப்புக் கரை வந்தா வாசல்லயே படிச்சுட்டுக் கிழிச்சுடுவா. சின்ன வயசுலேந்து பார்த்துண்டிருக்கேன். நானும்தானே அட்டையைப் பார்த்து நன்னா இருக்குன்னேன்? பாதி உங்க தப்பு, பாதி என் தப்பு. பங்கு போட்டுக்கலாம்." சொன்னபடியே, மீட்டிங்குக்கு எழுதிய அறிக்கையின் முதல் பக்கத்தில் 'தவறு எங்களுடையது' என்று ஆரம்பித்துக் கறுப்புக் கரை விஷயத்தை முழுக்க எழுதினார். நல்லவேளையாக அதிலும் பெயர் இல்லை, 'நாங்கள்'தான்.

"அச்சாபீஸ்ல வேற என்ன கரை இருக்குன்னு கேட்டுட்டு வரட்டுமாம்மா?" என்றேன்.

"கரையே வேண்டாம் அண்ணாச்சி. மளிகைக் கடைக்குப் போய் மஞ்சள் பொடி வாங்கிண்டு வாங்கோ."

சாதா அட்டையை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினோம், கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி. கேள்வியையும் மாற்றினார். முன்னால் 'நோயாளி உயிருடன் உள்ளாரா' என்று இருந்தது. இப்போது 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் டாக்டரம்மா.' அவ்வளவுதான். ரெக்கார்டு அறை மேஜை, நாற்காலி, டிக்கெட் கட்டர், டெலிபோன் எல்லாம் மஞ்சள். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "இதென்ன ஆஸ்பத்திரியா, கல்யாண ஆபீஸா?" என்றார். வீட்டில் என் மனைவி ஒரு வாரம் என் கையைப் பார்த்துவிட்டு, "தெனம் எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரீக, என்னைய விட்டுட்டு?" என்றாள்.

பத்தாம் நாளிலிருந்து தபால்காரர் கட்டாகக் கொண்டுவந்தார். யார் யார் கையையோ பிடித்து எழுத வைத்த பதில்கள். 'நடவு முடிந்தது, நான்தான் முன்னால் நின்றேன்.' 'இடுப்பு வலி மட்டும் இருக்கு, அது முன்னாலேயே இருந்தது.' 'மகளுக்கு வரன் பார்க்கிறோம், தெரிந்த பையன் இருந்தால் சொல்லவும்.' டாக்டரம்மா ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கச் சொல்வார். படித்தபின் அட்டையை எடுத்து 'டக்' என்று வெட்டுவார்.

எல்லாம் மஞ்சளாக வரவில்லை. ஒரு பதிலில் மூலை மஞ்சளின் மேல் யாரோ கறுப்புப் பேனா மசியை விரலால் தடவியிருந்தார்கள். செய்யாறு பக்கத்துக்காரர் ஒருவர். 'பங்குனியில் தவறிவிட்டாள். கேட்டதற்கு நன்றி. இங்கே யாரும் கேட்கவில்லை.' அதை உரக்கப் படிக்காமல் அப்படியே நீட்டினேன். டாக்டரம்மா வாங்கித் தானே படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். பிறகு அந்தப் பெண்ணின் அட்டையை எடுத்து 'இறந்தார்' துளையில் கட்டரை வைத்தார். அதே 'டக்'. செய்யாற்றுக்காரருக்கு ஒரு பதில் எழுதிவிட்டுத்தான் அடுத்த அட்டையைத் தொட்டார்.

மீட்டிங் நாள். காலையிலிருந்து தூறல். மேஜையில் இரண்டு கட்டு. டாக்டரம்மா 'உயிரோடு' துளையில் கம்பியை விட்டு முதல் கட்டைத் தூக்கினார். உதிர்ந்தது. அடுத்தது மூன்று வாரக் கட்டு. கம்பியை விட்டு, ஒரு கணம் நிறுத்தி, தூக்கினார். பொலபொலவென்று அந்தச் சத்தம். நான் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு மட்டும் தகரக் கூரையில் முதல் மழை விழுகிற மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் உதிர்ந்த இரண்டு குவியலையும் இரண்டு கையில் தூக்கி எடை பார்த்தார். அப்புறம் ஒவ்வோர் அட்டையாக எண்ணினார். அப்புறம் இன்னொரு தரம் எண்ணினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

மீதி அட்டைகளில் 'இறந்தார்' துளையில் கம்பியை விட்டுத் தூக்கியதும் இன்னும் சில உதிர்ந்தன. கடைசியில் கம்பியில் ஒரு கைப்பிடி மட்டும் தொங்கிற்று. மஞ்சளும் எட்டாதவர்கள், விலாசம் சரியில்லாமல் அட்டை திரும்பி வந்தவர்கள்.

"இந்தக் கொஞ்சத்தையும் இறந்தவங்க கட்டத்துல போட்டுடுங்க டாக்டர்" என்றார் பெரிய டாக்டர். "போட்டாலும் உங்களுக்குத் தோல்வி இல்லை. 'தெரியவில்லை'ன்னு ஒரு கட்டத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நிரப்பிக் கொடுங்க, இப்பவே போடறேன்."

போட்டுவிடுங்கள் அம்மா, ஒரு கைப்பிடிதானே என்று கண்ணால் கெஞ்சினேன். வராந்தாவில் அன்றைக்கும் இரண்டு புருஷன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் டாக்டரம்மா நான் ஆரம்பத்தில் எழுதினதைச் சொன்னார், தெரியலை என்பது ஓர் ஊர் இல்லை என்று.

சொல்லிவிட்டு, மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, "ஒரு நிமிஷம் சார்" என்று பெரிய டாக்டரின் விரலிலிருந்து பேனாவை உருவினார். கடைசிக் கட்டத்தின் தலைப்பில் 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய டாக்டர் அந்தச் சொல்லை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா அதைப் பார்க்கவில்லை. கம்பியில் தொங்கினவர்களை உருவி எடுத்து, மேல் அட்டையைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"சவுக்குத் தோப்பு ஓரம், பாலவாக்கம். இவ்வளவுதான் விலாசம். தோப்பு இருக்குமோன்னோ அண்ணாச்சி?"

"இருக்கும்மா. திருவான்மியூர் வரைக்கும் பஸ்ஸு. அதுக்கு மேல நடைதான். மழை பெய்யுதே, நாளைக்குப் போவமே?"

கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டருகே கூடையோடு உட்கார்ந்திருந்த கன்னியம்மாவிடம் நின்று, மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அட்டையைக் காட்டி என்னவோ கேட்டார். அவள் தெற்கே கையைக் காட்டினாள். டாக்டரம்மா குடையை விரித்தார். கம்பி உள்ள பக்கத்தில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, கம்பி இல்லாத பக்கத்தில் தான் நனைந்தபடி, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.